'வந்து', 'ஆக்சுவலி', 'பாத்தீங்கன்னா': விவாத மேடையில் நிரப்புச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, கல்லூரி விவாதப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் நடுவராகவும் உட்காருவதுண்டு. போட்டி முடிந்து டீ குடிக்கும் இடத்தில் என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி, பேச்சுக்கு நடுவே வந்து விழும் இந்தச் சொற்களைப் பற்றித்தான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ஃபில்லர்னா என்ன? 'ம்ம்', 'அ…' இதுங்க மட்டும்தானா?

எடுத்துவிட்டாலும் வாக்கியத்தின் பொருள் குறையாத எந்தச் சொல்லும், ஒலியும் நிரப்புச் சொல்தான். "இந்தத் திட்டம் வந்து கிராமத்துப் பிள்ளைங்களுக்கு வந்து ரொம்ப உதவும்" என்பதில் இரண்டு 'வந்து'களையும் தூக்கிவிடுங்கள். திட்டம் அப்படியே உதவுகிறது. யாரும் எங்கிருந்தும் வரவில்லை.

ஒலிகள் ஒரு ரகம். சொற்கள் அடுத்த ரகம்: வந்து, அதாவது, ஆக்சுவலி, பேசிக்கலி, ஸோ, லைக், பாத்தீங்கன்னா, என்னன்னா. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வாயில் இந்தக் கடைசிச் சொல் 'என்னெண்டா' ஆகும். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அது முழு வாக்கியமாகவே வரும், அதனால் அதை ஃபில்லர் என்று யாரும் நினைப்பதில்லை. என் பெரிய சண்டை அதோடுதான். கொஞ்சம் கீழே அதற்கு வருகிறேன்.

இந்தக் காலத்துப் பசங்களுக்குத்தான் சார் இந்த வியாதி. எங்க காலத்துல இப்படியா பேசினோம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டது. "அப்ப வந்து சார், நாங்கல்லாம் வந்து…" என்றுதான் தொடர்ந்தார். நான் சிரிக்கவில்லை.

பொருள் தராமல் ஒட்டி நிற்கும் சொற்களை நம் இலக்கணம் எப்போதோ கவனித்துவிட்டது. தொல்காப்பியம் இடைச்சொற்களை ஏழு வகையாகப் பிரிக்கும்போது அசைநிலைக்கு ஓர் இடம், இசைநிறைக்கு ஓர் இடம் ஒதுக்குகிறது. மியா, இக, மோ, மதி, இகும், சின் என்று முன்னிலை அசைகள் ஆறையும் பட்டியலே போடுகிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் தும்பியிடம் "காமம் செப்பாது கண்டது மொழிமோ" என்கிறான். எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்று கேட்கிறான். 'மொழி' என்பதிலேயே 'சொல்' என்ற பொருள் முடிந்துவிட்டது, 'மோ' வெறும் அசை. நக்கீரர் குற்றம் கண்டு வாதாடியதாகக் கதை சொல்கிறோமே, அதே பாட்டு. அவர் கூந்தல் மணத்தில்தான் குற்றம் கண்டார், 'மோ'வை விட்டுவிட்டார்.

செய்யுள் அசையும் பேச்சுத் தடுமாற்றமும் ஒன்றல்ல, சரி. பாட்டில் அது தெரிந்தே வைத்தது. ஆனால் வயதை மட்டும் குறை சொல்வதும் எடுபடாது. லசெர்னா, சீ, பென்னபேக்கர் என்ற மூவர் ஆங்கிலப் பேச்சை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. 'லைக்', 'யூ நோ' போன்ற சொற்கள் இளையவர்களிடமும் பெண்களிடமும் கூடுதலாக இருந்தன. 'அ', 'ம்' போன்ற ஒலிகளில் வயதும் பாலும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. அந்தச் சொற்களை அதிகம் சொன்னவர்கள் பொறுப்புணர்வு கூடியவர்களாக இருந்தார்கள் என்பதும் அதில் கிடைத்த முடிவு. இதை அந்த ஆசிரியரிடம் சொன்னேன். "அது வந்து வெள்ளைக்காரனுக்கு" என்றார்.

'வந்து' இல்லாம ஒரு வாக்கியம்கூட வர மாட்டேங்குது அண்ணா. ஏன் இப்படி?

ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை உள்ளே தேடிக்கொண்டிருக்கிறோம். தேடி முடிவதற்குள் வாய்க்கு வேலை தீர்ந்துவிட்டால் ஏதோ ஒன்றைப் போட்டு இடத்தைப் பிடித்துவைக்கிறோம், பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி. கிளார்க், ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஆங்கிலத்தின் 'அ', 'அம்' ஒலிகளை ஆராய்ந்து, முதலாவது சின்னத் தாமதத்துக்கும் இரண்டாவது பெரிய தாமதத்துக்கும் முன்னறிவிப்பு என்று காட்டினார்கள். கேட்பவருக்கு அது "இருங்க, இன்னும் முடிக்கலை" என்கிற சேதி.

தமிழில் கூடுதலாக ஒரு பாரம் இருக்கிறது. வினைச்சொல் கடைசியில்தான் வரும். "அரசு" என்று ஆரம்பித்தவர் "செய்யவில்லை" என்று இறக்கிவைக்கும் வரை யாருக்கு, எதை, எப்போது, ஏன் எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டே நடக்க வேண்டும். எழுவாய் வெளியே வந்துவிட்டது, மீதி தயாராகவில்லை, அந்த இடைவெளியில் 'வந்து' ஏறிக்கொள்கிறது. "நான் வந்து மதுரை", "இவர் வந்து எங்க மாமா" என்ற வாக்கியங்களைப் பாருங்கள். வினையே கிடையாது. இவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று கேட்பவரைத் திருப்புகிற வேலையை அங்கே 'வந்து' செய்கிறது. அதனால் முதல் 'வந்து'வை நான் மன்னித்துவிடுவேன். அதே வாக்கியத்தில் இரண்டாவது, மூன்றாவது வரும்போதுதான் பேனாவை எடுப்பேன்.

அப்போ அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. எதுக்குத் திருத்தணும்?

ஹாஸ்டல் அறையில், போனில், டீக்கடையில் திருத்தவே வேண்டாம். விவாதத்தில் மணி அடிப்பார்கள், அதுதான் வித்தியாசம். 'பாத்தீங்கன்னா' சொல்ல அரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 3 நிமிடப் பேச்சில் 40 தடவை வந்தால் 20 வினாடி போயிற்று, ஒன்பதில் ஒரு பங்கு. அந்த 20 வினாடியில் ஓர் எடுத்துக்காட்டை முழுசாகச் சொல்லிவிடலாம்.

நேரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அது விழும் இடம். பயிற்சிக்கு வருகிறவர்களின் பேச்சை எழுதிப் பார்க்கும்போது ஒரே சங்கதி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தெரிந்த விஷயத்தைச் சொல்லும்போது ஒன்றிரண்டுதான் இருக்கும். 'ஏன்னா' என்ற சொல் வந்ததும் கொத்தாக விழும். "இதைத் தடை செய்யணும், ஏன்னா… வந்து… ஆக்சுவலி… பாத்தீங்கன்னா…" அங்கே காரணம் தயாராக இல்லை. முடிவை எடுத்துவிட்டு மேடை ஏறியிருக்கிறார், காரணத்தை அங்கே நின்று தேடுகிறார். எத்தனை முறை என்று எண்ணுவதைவிட எந்தச் சொல்லுக்குப் பின்னால் என்று பாருங்கள்.

நடுவர்கள் இதுக்கு மார்க் குறைப்பாங்களா, மாட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

போட்டியைப் பொறுத்தது. உலகப் பள்ளிகள் விவாத முறையில் ஒவ்வொரு முதன்மைப் பேச்சும் 8 நிமிடம், 100 மதிப்பெண். அதில் உள்ளடக்கத்துக்கு 40, நடைக்கு 40, உத்திக்கு 20. ஃபில்லர் அடிப்பது அந்த நடுவில் இருக்கும் 40இல். கல்லூரிகளில் நடக்கும் பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறையில் இரண்டு இரண்டு பேராக நான்கு அணிகள், தலைக்கு 7 நிமிடம். அங்கே நடைக்கென்று தனிக் கட்டம் கிடையாது. வாதம் நம்ப வைத்ததா என்றுதான் பார்ப்பார்கள். தடுமாற்றத்தால் வாதம் புரியாமல் போனால் அடி, புரிந்துவிட்டால் இல்லை.

நம் ஊர்ப் பள்ளிப் போட்டிகளில் மதிப்பெண் தாள் இடத்துக்கு இடம் மாறும். போட்டிக்கு முன்பே தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இங்கிலீஷ் ஃபில்லர்தானே அசிங்கம்? தமிழ்ல 'அதாவது'ன்னு சொன்னா பரவாயில்லைதானே?

காதுக்கு வித்தியாசம் இருக்கலாம், வேலையில் இல்லை. 'ஆக்சுவலி' சொல்லக் கூடாது என்று திட்டு வாங்கிய ஒரு மாணவர் அடுத்த வாரமே எல்லா 'ஆக்சுவலி'யையும் 'உண்மையில்' என்று மாற்றிக்கொண்டு வந்தார். "உண்மையில் என் பெயர்…" என்று தொடங்கினார் பாருங்கள், அரங்கமே சந்தேகப்பட்டது.

'ஆக்சுவலி'யோ 'உண்மையில்' என்பதோ, நீங்கள் நினைப்பதற்கு மாறாக ஒன்று சொல்லப்போகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் சொல். 'அதாவது' முன்னால் சொன்னதை விளக்கப்போகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறது. மாறாக எதுவும் வராவிட்டால், விளக்கமும் வராவிட்டால், எந்த மொழியில் சொன்னாலும் ஏமாற்றுதான். தனித்தமிழ்ப் போட்டி என்றால் ஆங்கிலச் சொல்லுக்கு விதிப்படியே மதிப்பெண் போகும். அது வேறு கணக்கு.

மேடைத் தமிழ் பேசுறவங்ககிட்ட ஃபில்லரே இல்லையே, அப்போ மனப்பாடம் பண்ணிப் பேசிட்டா பிரச்சினை தீர்ந்துடுமா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். முதல் பதிலில் சொன்ன மூன்றாவது ரகம் இங்கேதான் குடியிருக்கிறது. ஒரு பள்ளி மாணவர் இப்படித் தொடங்குவார்: "இன்றைய காலகட்டத்திலே இணையம் என்று சொல்லக்கூடிய அந்த மாபெரும் சக்தி நம் அன்றாட வாழ்வோடு பின்னிப் பிணைந்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது." ஒரு 'ம்ம்' இல்லை, ஒரு 'வந்து' இல்லை. கைதட்டல் வேறு விழும். பிழிந்து பாருங்கள்: எல்லோரும் இணையம் பயன்படுத்துகிறார்கள். எதிரணியும் இதைத்தான் சொல்லும். எதிராளி மறுக்கவே முடியாத வாக்கியம் விவாதத்தில் என்ன வேலை செய்துவிடப் போகிறது? தலைப்பு எதுவானாலும் 'கற்க கசடற'வில் தொடங்குவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். வள்ளுவர் மேல் தப்பில்லை.

'கூடிய' எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? நேரலைச் செய்தியைக் கேளுங்கள். "கடற்கரையில் இருக்கக்கூடிய மக்கள், பெய்யக்கூடிய மழையில், நடைபெறக்கூடிய பணிகளை…" என்று போகும். அந்தச் செய்தியாளருக்கு வேறு வழியில்லை. கையில் தாள் கிடையாது, ஸ்டுடியோவிலிருந்து கேள்வி வந்துகொண்டே இருக்கும், மழையில் நிற்கிறார். 'இருக்கக்கூடிய' அவருக்குக் கொடுப்பது மூச்சுவிடும் நேரம். ஒரு வாரம் முன்பே தலைப்பு கொடுக்கப்பட்ட மாணவர் அதை எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

இவற்றையும்விட எனக்குப் பயம் தருவது காரணத்தின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஃபில்லர்: "எல்லாருக்கும் தெரியும்", "ஆய்வுகள் சொல்கின்றன", "விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது". 'ம்ம்' என்றவர் இன்னும் யோசிக்கிறார் என்பது கேட்பவருக்குத் தெரியும். "ஆய்வுகள் சொல்கின்றன" என்றவர் யோசித்து முடித்துவிட்டார் என்று நம்பிவிடுகிறோம். எந்த ஆய்வு, யாரைக் கேட்டது, எந்த வருடம் என்று எதிரணி ஒரு கேள்வி கேட்டால் போதும். அப்புறம் பாருங்கள், அதுவரை வராத 'வந்து' எல்லாம் வரிசை கட்டி வரும்.

எழுதி வச்சதைப் பேசும்போது நல்லாத்தான் பேசறேன். எதிரணி குறுக்கே கேள்வி கேட்டா மட்டும் அத்தனை ஃபில்லரும் வருது. என்ன பண்ண?

மேலே சொன்னதுதான் காரணம். மனப்பாடம் செய்தது வாக்கியத்தை, காரணத்தை அல்ல. வாக்கியம் தீர்ந்ததும் கை காலியாகிவிடுகிறது. "ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு" என்கிறது 725ஆம் குறள். சபையில் பயப்படாமல் மறுமொழி கொடுக்க வேண்டுமானால் அளவை நூலை, அதாவது தர்க்கத்தை, முறைப்படி படி என்று சொல்கிறது. (இந்த 'அதாவது' உழைத்தது, கவனிக்கவும்.) குரலைப் பழக்கு என்றோ கண்ணாடி முன் நில் என்றோ அங்கே இல்லை.

நான் கொடுக்கும் பயிற்சி இது. உங்கள் ஒவ்வொரு கருத்துக்கும் எதிரணி கேட்கக்கூடிய மிக மோசமான கேள்வியை நீங்களே எழுதுங்கள். பதிலை எழுதாதீர்கள். நண்பரை விட்டு அந்தக் கேள்விகளைக் கலைத்துக் கேட்கச் சொல்லி, வாயால் பதில் சொல்லுங்கள். முதலில் முடிவு, பிறகு காரணம், பிறகு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. முடிவை முதலில் சொல்லிவிட்டால் வாக்கியம் குட்டையாகும், வினைச்சொல்லைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டிய தூரம் குறையும். பதில் தெரியாத கேள்வி வந்தால் "அந்தப் புள்ளிவிவரம் என்னிடம் இல்லை, ஆனால் என் வாதம் அதை நம்பி நிற்கவில்லை" என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால்.

யாராவது பக்கத்துல உட்கார்ந்து ஃபில்லரை எண்ணிச் சொன்னா சரியாகிடும்னு சொல்றாங்களே?

1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் கூட்டங்களில் இதற்கென்றே ஒருவர் இருப்பார், பெயர் 'ஆ கவுண்டர்'. யார் எத்தனை தடவை 'ஆ', 'ஸோ' சொன்னார்கள் என்று கூட்டத்தின் முடிவில் வாசிப்பார். தனக்கு அந்தப் பழக்கம் இருப்பதே தெரியாதவருக்கு அது கண்ணைத் திறந்துவிடும்.

நானும் ஒருமுறை இதை என் பாணியில் செய்து பார்த்தேன். ஒவ்வொரு 'வந்து'வுக்கும் ஒரு புளியங்கொட்டையை எவர்சில்வர் டம்ளரில் போடுவது. டங், டங் என்று சத்தம் கேட்கும். நான்காவது 'டங்'கில் ஒரு மாணவி பேச்சையே நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். தப்பு என்னுடையது. பேசிக்கொண்டிருக்கும்போதே திருத்தினால் தேடுவதற்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச நேரத்தையும் பயம் தின்றுவிடும். இப்போது டம்ளர் கிடையாது. பேச்சைப் போனில் பதிவு செய்து, அதில் ஒரே ஒரு நிமிடத்தை மட்டும் அவர்களையே கையால் எழுதச் சொல்கிறேன், 'அ', 'ம்ம்' உட்பட. வாரம் ஒருமுறை போதும். எழுதும் எரிச்சலிலேயே பாதி குறைந்துவிடுகிறது.

ஃபில்லருக்குப் பதிலா அமைதியா நின்னா, மறந்துட்டான்னு நினைக்க மாட்டாங்களா? குரூப் டிஸ்கஷன்ல வேற ஒருத்தன் புகுந்துடறானே?

மேடையில் ஒரு விநாடி நிற்பது நிற்பவருக்குத்தான் யுகம். கீழே இருப்பவர்களுக்கு அது மூச்சு. கண்ணைக் கூரைக்குத் தூக்காமல் நடுவரைப் பார்த்தபடி நின்றால் யாருக்கும் மறதி என்று தோன்றாது.

குரூப் டிஸ்கஷன் வேறு விளையாட்டு. அங்கே அமைதி என்றால் திறந்த கதவு. "நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் தப்பே இல்லை, துண்டுக்குப் பின்னால் நீங்கள் வந்து உட்கார்ந்தால். அதற்கும் மேலாக உதவுவது எண்ணிக்கை சொல்வது: "ரெண்டு காரணம் இருக்கு." இரண்டாவதைச் சொல்லும் வரை பெரும்பாலும் விட்டுவைப்பார்கள்.

வேகமா பேசிட்டா ஃபில்லருக்கு இடமே இருக்காதுல்ல?

வேகம் கூடினால் தேடும் நேரம் குறையும், இன்னும் அதிகமாகத்தான் வரும். அமெரிக்காவின் பாலிசி விவாதத்தில் 'ஸ்ப்ரெடிங்' என்று மூச்சுவிடாமல் கொட்டும் பழக்கம் உண்டு. அவர்கள் பெரும்பாலும் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள், கேட்பவரும் அதற்கே பழகியவர். நம் அரங்கத்தில் அதைச் செய்தால் மைக் செட்காரர் வந்து ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பார்.

என் தம்பிக்குத் திக்குவாய். 'வந்து, வந்து'ன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பான். அவனையும் திருத்தணுமா அண்ணா?

வேண்டாம். திக்குபவர்கள் சிலர், வராத எழுத்தைத் தாண்டுவதற்கு ஒரு சுலபமான சொல்லைப் படியாக வைத்துக்கொள்வார்கள். அந்தப் படியை உருவக் கூடாது. மேலே சொன்ன எழுதும் பயிற்சியும் அவருக்கு வேண்டாம். பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் கூட்டிப்போங்கள். போட்டி நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கூடுதல் நேரம் கேளுங்கள். நான் உட்கார்ந்த மேடைகளில் கேட்டு யாரும் மறுத்ததில்லை.

ஒரு தடங்கல் இல்லாம பேசின பையன் தோத்துட்டான். 'வந்து வந்து'ன்னு இழுத்த பொண்ணு ஜெயிச்சுது. நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?

அந்தப் போட்டியில் மூன்று நடுவர்களில் நான் ஒருவன். தலைப்பு, பள்ளிகளில் கைப்பேசிக்கு முழுத் தடை வேண்டும் என்பது. மாணவர் கைப்பேசியை அரக்கன் என்றார், சிலந்தி வலை என்றார், கூர்வாள் என்றார். அழகான குரல். ஏன் 'முழு'த் தடை என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மாணவி பேசியது கிட்டத்தட்ட இப்படி: "எங்க ஊருக்கு வந்து… ஒரு நாளைக்கு மூணு பஸ்தான். ஸ்பெஷல் கிளாஸ் லேட்டாச்சுன்னா கடைசி பஸ் போயிடும். ஆபீஸ் ரூம் அதுக்குள்ள… ஆக்சுவலி அஞ்சரைக்கே பூட்டிடுவாங்க. நான் எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது? வகுப்புல வேண்டாம், சரி. பையில இருக்கக் கூடாதுன்னா எப்படி?" தலைப்பில் இருந்த 'முழு' என்ற ஒரு சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். அவருடைய ஃபில்லர்கள் 'ஏன்னா'வுக்குப் பின்னால் விழவில்லை. மணி என்ன, பஸ் எத்தனை என்று நினைவிலிருந்து எடுக்கும் இடத்தில் விழுந்தன. நான்காவது பதிலில் சொன்ன வித்தியாசம் இதுதான்.

ஆனால் எங்களில் ஒருவர் மாணவருக்குத்தான் போட்டார், அவரையும் தள்ளிவிட முடியாது. மாணவியின் அடுத்த கருத்து, ஏதோ கட்டணம் சம்பந்தப்பட்டது, 'பாத்தீங்கன்னா'க்களுக்கு நடுவே தன் காதில் விழவே இல்லை என்றார். என் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். நானும் அதை எழுதியிருக்கவில்லை.

கோவிச்சுக்காதீங்க அண்ணா, நீங்க கிளாஸ் எடுக்கும்போது 'சரி… சரி'ன்னு எத்தனை தடவை சொல்றீங்கன்னு தெரியுமா?

தெரியும். பின்வரிசையில் ஒரு கோஷ்டி கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்த நோட்டு என் கைக்கே வந்தது. ஒரு விஷயம் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது எனக்கு அது வந்துவிடுகிறது. நானும் ஒரு நிமிடத்தை எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது. இப்போது வேறு தொந்தரவு. கடைசி 'சரி'யைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பழகியவர்கள், அதை நான் சொல்லாவிட்டால் வகுப்பு முடியவில்லை என்று உட்கார்ந்தே இருக்கிறார்கள்.